கட்டிலின் அருகே நிற்பவர் யார்?

சேலம், நாமக்கல் சமவெளியில் மண்ணை நம்பிப் பிழைப்பவர்களுக்குப் பாம்பு புதிய விருந்தாளி அல்ல. நிலக்கடலைக் காட்டிலும், மோகனூர்ப் பக்கத்துக் கரும்பிலும், பரமத்தி வேலூரின் வாழைத் தோட்டத்திலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் எலி இருக்கிறது. எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கிறது. இரண்டும் இருக்கும் இடத்தில் வெறுங்காலோடு மனிதனும் இருக்கிறான். உயிரைப் பறிக்கும் பாம்புகளில் நம் தேசத்தில் முக்கியமானவை நான்கு: நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன். முதல் மூன்றும் பெரும்பாலும் கடித்தோம் என்று தெரிவித்துவிட்டுப் போகும். நாலாவதுதான் திருடனைப் போல் வந்து திருடனைப் போல் போவது.

கட்டுவிரியன் இரவில் சஞ்சரிக்கும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரின் அருகில் ஊர்ந்து வந்து, அவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. வலி அநேகமாக இராது, வீக்கம் இராது, கடிவாய் சில சமயம் கண்ணுக்கே தென்படாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். வீட்டில் சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். கண் இமை கனக்கிறது என்பார். தூக்கம் போதவில்லை என்று சமாதானம் சொல்லுவார்கள். அப்புறம் நாக்குத் தடிக்கும். எச்சிலை விழுங்க முடியாமற் போகும். கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிடும். அந்த வேளையில் அவரைப் பார்ப்பவர்கள் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். கை அசையாது. கண் திறக்காது. இமையைத் தூக்கி வெளிச்சம் காட்டினாலும் கண்மணி சுருங்காமல் இருப்பதுண்டு. ஆனால் மூளைக்குப் பிராணவாயு போய்க்கொண்டிருக்கும் வரையில் உள்ளே அறிவு விழித்தே இருக்கிறது. சுற்றி நின்று அழுகிறவர்களின் குரல், யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று நடக்கும் யோசனை, எல்லாம் அவர் காதில் விழுகின்றன!

விஷமுறிவு மருந்து இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது. அந்த மருந்து செய்வதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை நமது நாட்டுக்கு அளித்துவருபவர்கள் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்ட இருளர்கள் என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமையான விஷயம். ஆனால் மருந்துக்கும் ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அது பிடித்து முறிக்கும். கட்டுவிரியனின் விஷம் நரம்பின் நுனியில் போய் உட்கார்ந்து கெடுத்துவிட்டதை மருந்து திருத்தாது. உடம்பு தானே நாட்கணக்கில் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரையில் வெளியிலிருந்து மூச்சுக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். மூன்று நாளோ, ஐந்து நாளோ, அதற்கு மேலுமோ மூச்சுக் கொடுத்துக் கண்ணும் கருத்துமாகக் காத்தால், செத்தவராகத் தோன்றிய மனிதர் ஒரு குறையுமில்லாமல் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார். காவல் தவறினால் போவதில்லை. ஆகவே அந்த மனிதரின் உயிர், பாம்பின் பல்லில் இருப்பதைக் காட்டிலும், அந்தச் சில நாட்களில் கட்டிலின் அருகே நிற்பவர் யார் என்ற கேள்வியில்தான் அதிகமாக இருக்கிறது.

சொற்பமான பேருக்கு நேர்கிற விபத்து என்று எண்ணவேண்டாம். 2000 முதல் 2019 வரையிலான இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்றும், அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்றும், 2020-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. பாம்புக் கடியை ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவானது 2024 நவம்பரில்தான். எண்ணத் தொடங்கியதே இப்போது!

பாம்புக் கடியை நாம் ஓர் உதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டோம். லாரி மோதித் தலையில் அடிபட்டவர், மாரடைப்புக் கண்டவர், பிரசவத்தில் ரத்தம் வடிந்து துவண்டவர், சீதளஜுரத்தால் மூச்சுத் திணறும் கிழவர், இவர்கள் அனைவருக்கும் இந்தக் கேள்விதான்.

நம் பக்கத்தில் இந்த நாற்பது வருஷத்தில் நடந்திருப்பவை சாமான்யமல்ல. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரால் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 1986-ல் ஏற்பட்டது. அவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தவர். சென்னை ராஜதானியின் முதல் மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர். மத்திய மந்திரியாக இருக்கையில் 1973-ல் விமான விபத்தில் உயிர் நீத்தவர். விபத்தில் மாண்டவரின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரிக்கு இன்று விபத்தில் அடிபட்டவர்கள் இரவும் பகலும் வந்துகொண்டிருக்கிறார்கள். நாமக்கல் 1997-ல் தனி ஜில்லாவாயிற்று. 2022 ஜனவரியில் அங்கேயும் ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 108 என்று கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ் வண்டி 2008 செப்டம்பர் முதல் ஓடுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவில் செய்யும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. லாரிக்குக் கூண்டு கட்டும் நாமக்கல்லுக்கும், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் யந்திர வண்டிகளை ஊர் ஊராக அனுப்பும் திருச்செங்கோட்டுக்கும், லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரிக்கும் இத்திட்டத்தின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் அவசரச் சிகிச்சைப் பகுதிக்குள் நுழைகிறவரை உடனே பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வகையாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் சிவப்பு. சற்றுப் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. நெப்போலியனின் படையில் இருந்த லார்ரே என்னும் ரண வைத்தியர், காயம்பட்டவர்களுள் யார் அதிகாரி, யார் சிப்பாய் என்று பாராமல், யாருக்குக் காயம் கடுமையோ அவருக்கு முதலில் சிகிச்சை என்று செய்தாராம். அதே தர்மம்தான் இந்த மூன்று நிறத்திலும் இருக்கிறது. சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே நிறம் கிடையாது, கிடையாமலே இருக்கவேண்டும்.

2021 மே மாதத்தில் கொரோனா இரண்டாம் முறை அலைபோல் வந்து மோதியபோது, சேலம் உருக்காலை வளாகத்தில் பிராணவாயு வசதியோடு 500 படுக்கைகள் சில நாட்களுக்குள் எழும்பின. எஃகு உருக்குகிற இடத்தில் மனிதர் மூச்சு விட்டார்கள். அதைக் கட்டி எழுப்பியவர்களுக்கு நம் வந்தனம். ஆயினும் அந்த நாட்கள் நமக்கு ஒரு பாடத்தையும் காட்டின. கட்டிலை ஒரு வாரத்தில் போட்டுவிடலாம். குழாயை இரண்டு வாரத்தில் பதித்துவிடலாம். சுவாச யந்திரத்தைப் பணம் கொடுத்தால் விமானத்தில் வரவழைக்கலாம். அந்த யந்திரத்தின் முன் நின்று, முள் எங்கே போகிறது, நோயாளியின் உதடு என்ன நிறம் காட்டுகிறது என்று பார்த்துச் செய்யத் தெரிந்த ஒரு நர்ஸை வாரக்கணக்கில் உற்பத்தி செய்ய முடியாது.

இதற்கு நல்ல சாட்சி டென்மார்க் தேசத்துத் தலைநகரில் இருக்கிறது. 1952-ம் வருஷக் கோடையில் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் கொள்ளை நோயாகப் பரவியது. பிளெக்டம் ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் குழந்தைகளும் வாலிபர்களும் வந்து குவிந்தார்கள். அங்கே உடம்பை முழுதும் உள்ளே வைத்து மூச்சு விடச் செய்யும் இரும்புப் பெட்டி ஒன்றே ஒன்று. மார்புக் கவசம் போன்ற சிறு யந்திரங்கள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் அந்த யந்திரங்களில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். தலைமை வைத்தியர் லாஸென் திகைத்துப்போய், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரான பியோர்ன் இப்ஸென் என்பவரை அழைத்தார். அந்நாட்களில் மயக்க மருந்துக்காரருக்கு ஆபரேஷன் அறைக்கு வெளியே வேலை ஏது? அவரோ பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, அதில் ரப்பர்ப் பை ஒன்றை மாட்டி, கையாலேயே பிசைந்து மூச்சுக் கொடுத்துக் காட்டினார். நீலம் பாரித்துக் கிடந்த குழந்தை பிழைத்தது.

சரி, ஒரு குழந்தைக்கு ஒருவர் பிசையலாம். எழுபது பேருக்கு? அங்கேதான் அதிசயம். பல்கலைக்கழகத்து வைத்திய மாணவர்களை அழைத்தார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்கு ஒருவராக உட்கார்ந்து, மாதக்கணக்கில் இராப்பகலாகப் பையைப் பிசைந்தார்கள். குழந்தைகளுக்குக் கதை படித்துச் சொன்னார்கள். கண்ணிமைப்பைக் கொண்டு பேசக் கற்றுக்கொண்டார்கள். பத்தில் எட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்த உயிர்களில் பாதிக்கு மேல் நின்றன. மறு வருஷம், 1953 டிசம்பரில், இப்ஸென் அதே நகரத்தில் வேறோர் ஆஸ்பத்திரியில், உயிர் ஊசலாடுகிறவர்களை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து இடைவிடாது காக்கும் தனிப் பகுதியை ஏற்படுத்தினார். இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் கண்ணாடிக் கதவுக்குள் இருக்கும் தீவிர சிகிச்சைப் பகுதிக்கு மூதாதை அதுதான். யந்திரத்தின் முணுமுணுப்புக்கு நடுவே நாம் மறந்துவிடும் விஷயம் என்னவென்றால், அந்த மூதாதையின் வீட்டில் இருந்தது யந்திரம் அல்ல. ஒரு கட்டிலுக்கு ஒரு மாணவனின் இரண்டு கைகள்.

தானே உப்பிக்கொள்ளும் பை ஒன்றை அதே டென்மார்க்கில் 1956-ல் செய்து வெளியிட்டார்கள். ‘ஆம்பு’ பை என்று அதற்குப் பெயர். ஆம்புலன்ஸ் வண்டியில் சர்வ சாதாரணமாகக் காணப்படும் பொருள். கட்டுவிரியன் கடித்து மூச்சு ஓய்ந்தவரை நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு, ஏறக்குறைய 50 கிலோமீட்டர், இந்தப் பையைப் பிசைந்துகொண்டே உயிரோடு சேர்த்துவிடலாம். பிசைகிறவருக்குக் கை வலிக்கும். அவ்வளவுதான் அதன் விலை.

ஆஸ்பத்திரிக்குள் வந்த பிறகு என்ன? இங்கே நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் வெளியிலிருக்கும் நமக்கு ஆபரேஷனும் யந்திரமும் கண்ணில் படுகின்றன. உயிரைக் காக்கும் சின்னச் சின்னக் காரியங்கள் கண்ணில் படுவதில்லை. கடுமையான நோயாளியின் கழுத்திலோ தோளருகிலோ பெரிய ரத்தக் குழாயில் ஒரு குழாய் செருகுவார்கள். மருந்து போவதற்கு அதுதான் ராஜபாட்டை. கிருமி போவதற்கும் அதுவே ராஜபாட்டை. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பகுதிகளில் இதைத் தடுக்க ஒரு முயற்சி செய்தார்கள். புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கை கழுவுவது, நோயாளியின் தோலைக் கிருமிநாசினியால் துடைப்பது, முழு அங்கியும் உறையும் அணிவது, கூடியவரையில் தொடைப் பக்கத்து நாளத்தைத் தவிர்ப்பது, வேண்டாத குழாயை அன்றன்றே எடுத்துவிடுவது, இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி வைத்தார்கள். 2006-ல் வெளியான அறிக்கையின்படி, ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த நடுநிலைத் தொற்று விகிதம் மூன்றே மாதத்தில் பூஜ்யமாகிப் பதினெட்டு மாதம் வரையில் அப்படியே நின்றது.

இதில் நமக்கு ரஸமாகத் தோன்றிய அம்சம் ஐந்து விதியும் அல்ல. ஆறாவதாக வந்த ஏற்பாடு. வைத்தியர் இந்த ஐந்தில் ஒன்றைத் தவறவிட்டால் அருகில் நிற்கும் நர்ஸ் அவரைத் தடுத்து நிறுத்தலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள். நம் ஊரில் இது நடக்குமா? பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நாம் போட்ட கணக்கில் தவறு இருந்தால், எழுந்து நின்று சொல்லும் பையன் வகுப்புக்கு ஒருவன் இருந்தால் அதிகம். மற்றவர்கள் தவற்றை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். மரியாதை என்று அதற்குப் பெயர். வகுப்பில் அந்த மரியாதையால் மார்க்குத்தான் போகும். கட்டிலருகே உயிர் போகும். “டாக்டர் ஐயா, கை கழுவிவிட்டு வாருங்கள்” என்று இருபத்துமூன்று வயது நர்ஸ் சொல்லவும், ஐம்பத்தைந்து வயது நிபுணர் சிரித்துக்கொண்டே போய்க் கழுவி வரவும் முடிகிற ஆஸ்பத்திரியில் படுக்க நேர்வதும் ஒரு பாக்கியம்.

செயற்கைச் சுவாசத்தில் கிடப்பவரின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது, வாயைத் துடைத்துச் சுத்தம் செய்வது, முதுகில் புண் வராமல் சில மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, இவையும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். செலவு இல்லை, ஆள் வேண்டும்.

தீவிர சிகிச்சைப் பகுதிக்கு வெளியே, சாதாரண வார்டில், நோய் முற்றுவதைக் கண்டுகொள்வதும் ஒரு கலை. “நேற்று ராத்திரி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், திடீரென்று போய்விட்டார்” என்று நாம் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! அநேகமாக அது திடீரென்று நேர்வதல்ல. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இருதயம் நின்றுபோன 64 பேருடைய குறிப்பேடுகளை அமெரிக்காவில் மியாமி நகர வைத்தியர்கள் ஆராய்ந்து 1990-ல் எழுதினார்கள். 100-க்கு 84 பேருக்கு, இருதயம் நிற்பதற்கு எட்டு மணி நேரத்துக்குள்ளாகவே நிலைமை மோசமாவதற்கான அடையாளங்கள் ஏட்டில் பதிவாகியிருந்தன. எழுதியிருந்தார்கள், பார்த்துச் செய்வார் இல்லை. அந்த அடையாளங்களுள் முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் மூச்சின் வேகம். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும். அதனால்தானோ என்னவோ எல்லா ஊரிலும் அதை எண்ணாமலே இருபது என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. பிரிட்டனில் 2012 முதல், மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஜுரம், ரத்தத்தில் பிராணவாயு, பிரக்ஞை ஆகியவற்றுக்கு மார்க்குப் போட்டுக் கூட்டி, கூட்டுத் தொகை இன்னதைத் தாண்டினால் உடனே பெரிய வைத்தியர் வரவேண்டும் என்று தேசம் முழுவதற்கும் ஒரே முறையாக வைத்திருக்கிறார்கள். மார்க்கைக் கூட்டும் வித்தை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விரியன் கடிக்கு இதைவிட எளிய பரீட்சை ஒன்று உண்டு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் 2 மில்லிலிட்டர் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் ஓரளவு தேறுதல். தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்திருக்கிறது, மருந்து உடனே வேண்டும். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. மின்சாரம் வேண்டாம், நிபுணர் வேண்டாம். ராசிபுரத்திலோ சேந்தமங்கலத்திலோ நடுநிசியில் செய்யலாம். ஆனால் அந்த 20 நிமிஷமும் குழாயை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும், சில மணி கழித்து மறுபடி செய்வதற்கும் ஓர் ஆள் வேண்டும். எங்கே சுற்றினாலும் அந்த ஆளிடத்தில்தான் வந்து நிற்கிறோம்.

நண்பர் ஒருவருக்குத் துணையாக நாம் ஓர் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் மூன்று இரவு கழிக்க நேர்ந்தது. அது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமல்ல. கண்ணாடிக்கு அப்பால் ஆறு கட்டில். நான்கு பேர் சுவாச யந்திரத்தில். நர்ஸ் ஒரே ஒருத்தி. அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தை நாம் வாழ்நாளில் மறக்க முடியாது. ஒரு யந்திரம் மணி அடிக்கும்; அதை நிறுத்தப் போவாள்; அதற்குள் எதிர்ப்புறத்து யந்திரம் கூப்பிடும். மூன்றாம் இரவு எங்கோ ஒரு மணி வெகு நேரம் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த மணி எந்தக் கட்டிலுடையது, அதன்பின் என்ன நேர்ந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்வது அடாது. ஆறு பாத்திரம் அடுப்பில் பொங்கும்போது ஒரு கையால் எத்தனையை இறக்குவது?

சுவாச யந்திரத்தில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு நர்ஸ் ஒருவர் என்பது தீவிர சிகிச்சை வல்லுநர்கள் வகுத்திருக்கும் கணக்கு. கணக்கு என்று வந்துவிட்ட பிறகு வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா? வாரத்துக்கு மணி 168. ஒரு நர்ஸ் வாரத்துக்கு 48 மணி வேலை செய்தால், ஒரு கட்டிலுக்கு மூன்றரைப் பேர். லீவு, உடம்பு அசௌக்கியம், பிரசவ விடுமுறை எல்லாம் சேர்த்தால் நாலுக்கு மேல். பத்துக் கட்டில் என்றால் நாற்பது பேருக்கு மேல் வேண்டும்! திறப்பு விழாவில் ‘பத்துப் படுக்கைகள்’ என்று கல்வெட்டுப் பதிக்கும்போது, அதன் கீழே ‘நாற்பது நர்ஸுகள்’ என்று ஒரு வரி சேர்ந்தால்தான் அது பத்துப் படுக்கை. இல்லாவிட்டால் பத்துக் கட்டில்.

கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்து உழைத்த நர்ஸுகளில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் வேலை 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு முடிக்கப்பட்டது. அவர்கள் வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தபோது வேறு தற்காலிக வேலை தருவதாகச் சர்க்கார் முன்வந்தது. ஒப்பந்தத்தின் ஷரத்து என்ன, யார் பக்கம் நியாயம் என்பதில் நாம் புகவில்லை. மூச்சுத் திணறுகிறவரை எப்படிக் காப்பது என்று நெருப்பில் நின்று கற்றுக்கொண்ட கைகள் அவை. அந்தக் கைகளை விட்டுவிடும் ஒரு தேசம், பிறகு அதே வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று வருத்தப்பட முடியாது. நம் நர்ஸுகள் கடல் கடந்து போய் அரபு நாடுகளிலும் பிரிட்டனிலும் நல்ல பெயர் வாங்குகிறார்கள். போகட்டும், நன்றாயிருக்கட்டும்! இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்காவது நிரந்தரமான வேலையும், ஒருவர் ஆறு பேரைப் பார்க்க வேண்டாத நிலைமையும் வேண்டாமா?

இனி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வேப்பமரத்தடியில் ஒரு சிறு கிராமமே குடியிருக்கும். தூக்குப் போசியும், போர்வை மூட்டையும், மடியில் தூங்கும் குழந்தையுமாக அவர்கள் நாட்கணக்கில் காத்திருப்பார்கள். உள்ளே தம் மனிதர் எப்படி இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. கூப்பிட்டால் ஓடவேண்டும், கூப்பிடுவது மருந்துச் சீட்டுக் கொடுக்கவா, கையெழுத்து வாங்கவா, அல்லது அந்தச் செய்தியைச் சொல்லவா என்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தினந்தோறும் ஒரு குறித்த நேரத்தில், நின்றுகொண்டு அல்ல, உட்கார்ந்து, வைத்தியர் ஒருவர் பத்து நிமிஷம் வீட்டாரோடு பேசினால் அந்த மரத்தடியின் பாரம் பாதி குறையும். “ஸீரியஸ்” என்ற ஒரு வார்த்தையோடு பேச்சை முடித்துவிடாமல், நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாறியிருக்கிறது, நாளைக்கு எதை எதிர்பார்க்கிறோம் என்று பச்சைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் வீட்டாருக்கும் வைத்தியருக்கும் மூளும் கைகலப்புகளில் பலவற்றுக்கு விதை, சிகிச்சையின் குறை அல்ல, சொல்லாத சொல்.

நோயாளியோடும் பேசத்தான் வேண்டும். கட்டுவிரியன் கடித்துக் கிடப்பவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண் மூடியிருக்கிறது, விரல் அசையவில்லை, காது கேட்கிறது. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, “அண்ணா, இப்போது உங்களை இடது பக்கம் திருப்பப் போகிறோம். பாம்பின் விஷத்தால்தான் அசைய முடியவில்லை, சரியாகிவிடும்” என்று ஒரு நர்ஸ் சொன்னால், இருட்டில் அகப்பட்டவருக்கு அது எப்பேர்ப்பட்ட விளக்கு! அவர் தலைமாட்டில் நின்றுகொண்டு “இது தேறாது” என்று யாராவது சொன்னால் அதுவும் அவருக்குக் கேட்கும்.

தேறாதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்த விஷயத்தில் பாதியைத்தான் பேசியதாகும். கடைசி மூச்சு வீட்டுக் கூடத்தில் போகவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். ஆகவே நம்பிக்கை இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வைத்தியரின் யோசனைக்கு விரோதமாக அழைத்துப் போவதாக ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். யோசனை சொன்னவரும் அவரே, கையெழுத்து வாங்குகிறவரும் அவரே என்பது சில சமயங்களில் உண்மை. வழியெல்லாம் ‘ஆம்பு’ பையைப் பிசைந்துகொண்டு போய், வாசற்படி தாண்டியதும் நிறுத்துகிறார்கள். வலிக்கு மருந்து இல்லை; மூச்சுத் திணறலுக்கு ஆறுதல் இல்லை; அடுத்த ஒரு மணியோ ஒரு நாளோ எப்படி இருக்கும் என்று வீட்டுப் பெண்களுக்குச் சொன்னவர் இல்லை. பிழைக்க வைக்க முடியாதபோதும் செய்வதற்கு வைத்தியம் இருக்கிறது. வலியைத் தணிப்பதும் திணறலைத் தணிப்பதும் வைத்தியந்தான். அதை ஆஸ்பத்திரியிலும் செய்யலாம், வீட்டுக்குக் கூடவும் அனுப்பலாம்.

சட்டமும் இப்போது சற்று வழி விட்டிருக்கிறது. மரியாதையோடு இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 மார்ச் 9-ம் தேதி தீர்ப்புக் கூறியது. தேறும் மார்க்கமில்லாத நிலையில் தம்மை யந்திரத்தில் வைத்து நீடிக்க வேண்டாம் என்று ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதி வைக்கலாம். அப்போது விதித்த முறை மிகவும் சிக்கலாயிருந்தது. மாஜிஸ்டிரேட்டு கையெழுத்து வரை போகவேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகளோடு, நோட்டரியிடமோ கெஜட் பதவியிலுள்ள அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும். பிற்பாடு அது அமலாக வேண்டிய சமயத்தில், மும்மூன்று வைத்தியர் கொண்ட இரண்டு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து அபிப்பிராயம் சொல்லவேண்டும்.

கெஜட் பதவி என்றால் நம் ஊர்களில் ஜனங்கள் முதலில் தேடி வருவது சர்க்கார் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரைத்தான். மார்க்கு ஷீட்டு நகல், ஜாதிச் சான்று நகல், வேலை மனு என்று சாயங்காலம் மணி அடித்த பிறகு வராந்தாவில் நாலு பேராவது நிற்பார்கள். பச்சை மசியும் ரப்பர் முத்திரையும் மேஜைமேல் தயாராக இருக்கும். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு யாரும் வந்து நாம் இன்னும் பார்க்கவில்லை.